முன்வரிசை உடையும் இடம்

2023 அக்டோபர் 2 இரவு, நியூஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி சியாட்டில் சீஹாக்ஸிடம் 24–3 என்று தோற்றது. தோற்றதில் வியப்பில்லை, தோற்ற விதம்தான் கொடுமை. அன்று ஜயண்ட்ஸின் குவார்ட்டர்பேக்குகள் பந்தை எறிவதற்குள் 11 முறை பிடிபட்டுத் தரையில் சாய்க்கப்பட்டார்கள். இப்படிச் சாய்ப்பதை ‘ஸாக்’ என்பார்கள். பருவம் முடிந்தபோது அந்த அணி வாங்கிய ஸாக் 85. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். வரலாற்றில் ஒரே பருவத்தில் இதைவிட அதிகம் வாங்கிய அணி ஒன்றுதான்: 1986ஆம் ஆண்டின் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், 104. கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே, முன்வரிசைக்குப் பயிற்சி தரும் லைன் கோச் பாபி ஜான்சனுக்கு வேலை போனது. எட்டுப் பருவங்களில் ஜயண்ட்ஸ் அனுப்பிவைத்த ஆறாவது லைன் கோச் அவர்.

முன்வரிசை சரியும்போது பழி வழக்கமாக இரண்டு இடத்தில் விழும். ஆட்கள் தேறவில்லை என்பார்கள், இல்லையென்றால் கோச் தேறவில்லை என்பார்கள். கடந்த கால் நூற்றாண்டின் பெரிய சரிவுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு பதிலும் பாதிதான் சரி. மட்டமான கோச்சுகள் செய்த சேதத்தைவிட, கோச்சை மாற்றிக்கொண்டே இருந்ததால் வந்த சேதம் பெரிது என்பது என் முடிவு. அதற்கு எதிராகவும் சாட்சிகள் இருக்கின்றன. அவற்றில் சில வலுவானவை.

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். பந்து கையில் உள்ள அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். அந்த 11 பேரில் ஐவர் மட்டும் பந்துக்கு முன்னால் தோளோடு தோள் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, வெளி ஓரங்களில் டேக்கிள். ஒவ்வொருவரும் ஏறக்குறைய 140 கிலோ எடை. பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் எறிவதற்கு இரண்டரை அல்லது மூன்று விநாடி வாங்கித் தருவதும், பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும் இவர்கள் வேலை. இவர்கள் பந்தைத் தொடுவது அபூர்வம். தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு இவர்கள் அறிமுகமாவது, நடுவர் சட்டை எண்ணைச் சொல்லி அபராதம் விதிக்கும்போதுதான். ஆட்டத்தின் கனம் முழுவதும் இறங்குவது இவர்கள் உடம்பில் என்பதை எவ்வளவு சொன்னாலும் தகும்.

இந்த வேலையில் கடினமானது எது என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நகர்வைப் பார்த்தால் போதும். இடது டேக்கிளுக்கு எதிரே ஒரு எதிராளி, இடது கார்டுக்கு எதிரே இன்னொருவர். பந்து அசைந்ததும் கார்டுக்கு எதிரே நின்றவர் நேராக வராமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து டேக்கிளின் விலாவில் மோதுகிறார். அதே கணத்தில் டேக்கிளுக்கு எதிரே நின்றவர் அவர் முதுகுக்குப் பின்னால் வளைந்து, கார்டு விட்ட இடைவெளி வழியாக உள்ளே பாய்கிறார். தன் ஆளைத் துரத்திக்கொண்டு கார்டு வெளியே போனால் கதை முடிந்தது. தன் ஆளை ஒரு தள்ளு தள்ளி டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, வளைந்து வருபவரை அவர் ஏற்க வேண்டும். அந்த ஆள் தன்னிடம் வரப்போகிறார் என்று டேக்கிளும் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். இருவரும் ஒரே ஆழத்தில் பின்வாங்கியிருக்க வேண்டும். ஒருவர் அரை அடி பின்னால் இருந்தாலும் இருவரும் தங்களுக்குள்ளேயே முட்டிக்கொள்வார்கள். இவ்வளவும் ஒரு விநாடிக்குள். வாய் திறந்து சொல்ல நேரமில்லை, பக்கத்து ஆளின் தோள் அசைவுதான் மொழி. கபடியில் கைகோத்துச் சங்கிலியாக நிற்பவர்களில் ஒருவர் அரைக் கணம் முந்தினால் பிடி முழுவதும் கழன்றுபோகுமே, அப்படித்தான் இதுவும்.

இது பழக்கத்தால் வருவது. பழக்கத்தைக் கொடுப்பவர் லைன் கோச். டேக்கிள் நேர்ப்பின்னால் உதைத்து நகர வேண்டுமா, எதிராளியை வெளியிலேயே போய் மறிக்க வேண்டுமா? இரண்டு கைகளையும் ஒன்றாக எறிய வேண்டுமா, ஒன்றன்பின் ஒன்றாகவா? எதிரணி எண்ணிக்கையில் மிஞ்சி வந்தால் எந்தப் பக்கத்தை முதலில் மூட வேண்டும்? ஒவ்வொரு கேள்விக்கும் நல்ல கோச்சுகளிடம் வெவ்வேறு விடைகள் உண்டு, எல்லாமே பலன் தந்த விடைகள்தான். ஆனால் ஒரு விடையில் ஊறிய கால்களை இன்னொரு விடைக்குத் திருப்ப ஒரு கோடைகாலப் பயிற்சி போதாது. திருப்பி முடிப்பதற்குள் அடுத்த கோச் வந்துவிட்டால், ஆட்டக்காரர் யோசித்து ஆடத் தொடங்குகிறார். முன்வரிசையில் யோசித்தால் தாமதம் என்று பொருள்.

சரிவை எதைக் கொண்டு அளப்பது என்பதிலேயே தகராறு இருக்கிறது. தனி ஆட்டக்காரர் எடுக்கும் ஸாக்கை என்.எஃப்.எல். அதிகாரப்பூர்வமாகக் கணக்கிட்டது 1982 முதல்தான். அந்த எண் முன்வரிசையின் கணக்கில் எழுதப்பட்டாலும் அதில் குவார்ட்டர்பேக்குக்கும் பங்கு உண்டு. 2009இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் பருவம் முழுவதிலும் 10 முறைதான் வீழ்த்தப்பட்டார். அவர் முன்னால் நின்றவர்களில் பலர் பெரிய பெயர்கள் அல்ல. எதிரணியைப் படித்துப் பந்தை உடனே கைவிட்டு விடுவது மேனிங்கின் கலை. அதே சமயம் 1998 முதல் 2009 வரை அந்த அணியின் லைன் கோச் ஒரே மனிதர், ஹவர்ட் மட். இருவரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எந்த எண்ணும் உதவாது. புதிதாக வந்துள்ள அளவைகள், இரண்டரை விநாடி எதிராளியைத் தாக்குப்பிடித்தாரா என்று பார்ப்பவை, பழையதைவிட நியாயமானவை. அவற்றுக்கும், அந்த நகர்வில் யார் யாரை மறிக்க வேண்டும் என்று அணிக்குள் பேசிக்கொண்டது தெரியாது. எனவே ஸாக் கணக்கை நான் ஒரு காய்ச்சல்மானியாகவே எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சல் இருப்பதைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

முன்வரிசைகள் நிலைத்து நின்ற காலம் ஒன்று இருந்தது. 1980களில் வாஷிங்டன் அணியில் ஜோ பூகல் என்ற கோச் வளர்த்த வரிசைக்கு ‘ஹாக்ஸ்’ என்று பட்டப்பெயர். ஜோ ஜேகபி டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வில், எவரும் எடுக்காத ஆட்டக்காரர், ஜெஃப் பாஸ்டிக்கும் அப்படியே. ரஸ் கிரிம் மூன்றாம் சுற்றில் வந்தவர். தலைமைப் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை மூன்று முறை, மூன்று வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகளோடு வென்றார். 1991ஆம் ஆண்டின் வாஷிங்டன் அணி பருவம் முழுவதிலும் விட்ட ஸாக் 9 மட்டுமே. குவார்ட்டர்பேக்கை மாற்றலாம், முன்வரிசை நின்றால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்தக் காலம் திரும்பாது. 1993இல் ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வந்தது, மறுவருடமே அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வந்தது. உழைப்பவனுக்கு உரிய உரிமை அது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து பேரை ஆறேழு வருடம் ஒன்றாக வைத்திருப்பது அதன்பிறகு செலவுமிக்க காரியமாயிற்று. 2011இல் கையெழுத்தான தொழில் ஒப்பந்தம், முழுக் கவசமணிந்து செய்யும் பயிற்சிகளைப் பருவகாலத்தில் 14 ஆகக் குறைத்தது, கோடையில் நாளுக்கு இருமுறை நடந்த கடும் பயிற்சிக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. தலையில் வாங்கும் அடிகளைக் குறைக்க அது தேவைதான், என்னைக் கேட்டால் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். பந்தைப் பிடிப்பவர் கவசமில்லாமலும் பயிலலாம். முன்வரிசைக்காரர் மோதாமல் மோதலைப் பயில முடியாது, அவருக்குத்தான் இழப்பு அதிகம். கல்லூரி அணிகள் விரிந்து நின்று வேகமாக ஆடும் முறைக்கு மாறியதும் சேர்ந்துகொண்டது. ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்பதையே அதிகம் பழகாத இளைஞர்கள் தொழில்முறை ஆட்டத்துக்கு வருகிறார்கள் என்று 2015இல் சியாட்டிலின் லைன் கோச் டாம் கேபிள் வெளிப்படையாகவே குறைப்பட்டார். அவர் அதற்கு மாற்றாகத் தற்காப்பு வரிசை ஆட்களையும், கூடைப்பந்து ஆடிவந்த ஒருவரையும் முன்வரிசைக்காரர்களாக மாற்றிப் பார்த்தார். பலன் அரைகுறை. 2018 ஜனவரியில் அவர் வேலையும் போனது.

கற்பிக்கும் நேரம் சுருங்கி, கற்க வருபவரின் அடிப்படையும் மெலிந்தால், ஆசிரியர் நிலைத்திருப்பது முன்னைவிட முக்கியமாகிறது. ஜயண்ட்ஸ் இதற்கு நேர் எதிரான வழியில் போனது.

அந்த அணியின் நல்ல காலம் நினைவிருப்பவர்களுக்கு டேவிட் டீல், ரிச் ஸுபர்ட், ஷான் ஒஹாரா, கிரிஸ் ஸ்நீ, கரீம் மெக்கென்ஸி என்ற ஐந்து பெயர்களும் நினைவிருக்கும். 2007 பருவத்தில் தோல்வியே காணாமல் வந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸைச் சூப்பர் பௌலில் வீழ்த்திய வரிசை அது. கோச் பாட் ஃப்ளாஹர்ட்டி, 2004 முதல் 2015 வரை. அவர் போனபின் மைக் சொலாரி இரண்டு வருடம், ஹால் ஹண்டர் இரண்டு வருடம். 2020இல் மார்க் கொலம்போ வந்தார், பருவத்தின் நடுவிலேயே தலைமைப் பயிற்சியாளர் ஜோ ஜட்ஜ் அவரை விலக்கினார். எஞ்சிய ஆட்டங்களுக்கு டேவ் டிகுலியெல்மோ. 2021இல் ராப் சேல், 2022இல் பாபி ஜான்சன், 2024இல் கார்மென் பிரிசில்லோ. இதே காலத்தில் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியிலும் மெக்கடூ, ஷெர்மர், ஜட்ஜ், டேபால் என்று வரிசையாக ஆள் மாறினார்கள்.

இந்தப் பட்டியலை ஓர் ஆட்டக்காரரின் பக்கமிருந்து படித்தால்தான் வலி தெரியும். ஆண்ட்ரூ தாமஸ் 2020 டிராஃப்டில் நான்காவது ஆளாக எடுக்கப்பட்ட இடது டேக்கிள். முதல் ஐந்து பருவங்களில் அவருக்கு ஐந்து லைன் கோச்சுகள், முதல் பருவத்திலேயே இருவர். அவ்வளவையும் தாண்டி அவர் லீகின் சிறந்த இடது டேக்கிள்களில் ஒருவராக வளர்ந்தார் என்றால் அது அவருடைய பெருமை. 2023இன் முதல் ஆட்டத்தில் அவர் தொடைத் தசையில் காயப்பட்டுப் பல வாரம் வெளியே உட்கார்ந்ததும் வரிசை மொத்தமும் குலைந்தது. 40–0 என்று டாலஸிடம் தோற்ற ஆட்டம் அது.

அணி முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2013இல் முதல் சுற்றில் ஜஸ்டின் ப்யூ, 2015இல் ஒன்பதாவது ஆளாக எரெக் ஃப்ளவர்ஸ், 2018இல் இரண்டாம் சுற்றில் வில் ஹெர்னாண்டஸ், அதே வருடம் நேட் சோல்டருக்கு நான்கு வருடத்துக்கு 6.2 கோடி டாலர், 2020இல் தாமஸ், 2022இல் ஏழாவது ஆளாக எவன் நீல், 2023இல் இரண்டாம் சுற்றில் ஜான் மைக்கேல் ஷ்மிட்ஸ். மூன்று பொது மேலாளர்கள் இந்த ஐந்து இடங்களில் கொட்டிய முதலீடு சிறியதல்ல. ஜயண்ட்ஸில் டேக்கிளாகத் தோற்றுப்போன ஃப்ளவர்ஸ் 2019இல் வாஷிங்டனில் கார்டாக நின்று தேறினார். அந்த ஒரு பருவத்தின் பலத்தில் மயாமி அவருக்கு மூன்று வருடத்துக்கு 3 கோடி டாலர் தந்தது. எந்த இடம் அவருக்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்ல ஜயண்ட்ஸில் நிலையான ஒரு கண் இருந்திருந்தால் அந்தப் பணத்தை வேறு அணி கொடுத்திருக்க வேண்டியதில்லை. அலபாமா கல்லூரியிலிருந்து பெரும் புகழோடு வந்த நீலும் டேக்கிளாகத் தடுமாறி, கடைசியில் கார்டுப் பக்கம் தள்ளப்பட்டார்.

இந்த இடத்தில் டிகுலியெல்மோவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோச்சை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு இவருடைய வாழ்க்கையே மறுப்பு. 2007இன் வெற்றிவரிசையை உருவாக்கியபோது ஜயண்ட்ஸில் ஃப்ளாஹர்ட்டிக்குத் துணையாக இருந்தவர் இவர். 2014இல் பேட்ரியட்ஸின் லைன் கோச், அந்த வருடமே சூப்பர் பௌல் வெற்றி. மறுவருடம் முன்வரிசை காயங்களால் சிதைந்தது, ஆட்கள் வாரத்துக்கு வாரம் மாறினார்கள். 2016 ஜனவரியில் டென்வரில் நடந்த அரையிறுதியில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 20 முறை அடிபட்டார். இவரை நீக்கினார்கள். 2018இல் கோல்ட்ஸுக்கு வந்தார். அந்தப் பருவத்தில் கோல்ட்ஸ் விட்ட ஸாக் 18 மட்டுமே, லீகிலேயே மிகக் குறைவு. வேறு ஒரு தலைமைப் பயிற்சியாளருக்காகச் சேர்க்கப்பட்டவர் இவர். வருவதாயிருந்த அந்தத் தலைமைப் பயிற்சியாளர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். பதிலுக்கு வந்தவர் தனக்கு வேண்டிய ஆளை வைத்துக்கொள்ள விரும்பினார். எனவே, லீகில் முதலிடம் பெற்ற வேலைக்குப் பரிசாக வேலைநீக்கம். 2019 கோடையில் மயாமி அணி பயிற்சி முகாம் தொடங்கிய சில நாட்களிலேயே தன் லைன் கோச்சை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இவரை அமர்த்தியது. நீக்கப்பட்டவர் யார் என்றால், இவருடைய பழைய மேலாளர் ஃப்ளாஹர்ட்டி. 2020இல் மீண்டும் ஜயண்ட்ஸ், சில வாரங்களுக்கு. கோல்ட்ஸில் இவர் இடத்துக்கு வந்த கிறிஸ் ஸ்ட்ராசர் பிறகு ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்குப் போனார். 2024இல் அங்கே குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட் 52 முறை வீழ்த்தப்பட்டதும் அவரும் நீக்கப்பட்டார்.

ஒரே மனிதர் ஓரிடத்தில் லீகின் சிறந்த வரிசைக்கும் இன்னோரிடத்தில் நொறுங்கிய வரிசைக்கும் ஆசிரியர். அவர் அறிவு வருடத்துக்கு வருடம் கூடிக் குறையவில்லை. கையில் கிடைத்த ஆட்கள், உடம்பு நிலை, குவார்ட்டர்பேக், ஆட்டமுறை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிடைத்த அவகாசம், இவை மாறின.

அப்படியானால் கோச் யாராக இருந்தாலும் ஒன்றுதானா? இல்லை. பேட்ரியட்ஸ் கதையின் மறுபாதி அதைச் சொல்கிறது. டென்வர் தோல்விக்குப் பின், ஓய்வுபெற்றிருந்த லைன் கோச் டான்டே ஸ்கார்னெக்கியாவை அந்த அணி திரும்ப அழைத்தது. முந்தைய பருவத்தில் 38 முறை வீழ்த்தப்பட்ட பிரேடி, 2016இல் ஆடிய 12 ஆட்டங்களில் 15 முறைதான் வீழ்த்தப்பட்டார். பின்னாளில் ஜயண்ட்ஸுக்குப் போன சோல்டர் காயம் ஆறி வந்தது ஒரு காரணம். ஆனால் அதுவரை மாற்று ஆளாகவே பார்க்கப்பட்ட மார்கஸ் கேனன் வலது டேக்கிளாக எழுந்து நின்றதும், மூன்றாம் சுற்றில் எடுத்த ஜோ துனி என்ற புதியவர் முதல் ஆட்டத்திலிருந்தே இடது கார்டாக நிலைத்ததும் ஸ்கார்னெக்கியாவின் கைவேலை. அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலையும் 2018 பருவத்தினதையும் வென்றார்கள். ஸ்கார்னெக்கியா நல்ல கோச் மட்டும் அல்லர், பல பத்தாண்டுகள் அதே வீட்டில் இருந்தவர். அவர் சொல்லும் சொல் தலைமைப் பயிற்சியாளருக்கும் புரியும், ஆட்களைத் தேர்ந்தெடுப்பவருக்கும் புரியும்.

மேலிடத்தின் பொறுப்பு தனியாகப் பேச வேண்டியது. ஒரு முன்வரிசைக்கு எந்த ஆட்கள் கிடைப்பார்கள் என்று தீர்மானிப்பது கோச் அல்ல. 2002இல் புதிதாகப் பிறந்த ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் தன் குவார்ட்டர்பேக்காக டேவிட் காரை டிராஃப்டின் முதல் ஆளாக எடுத்தது. அவரைக் காக்க ஜாக்ஸன்வில்லிலிருந்து டேக்கிள் டோனி பொசெல்லியைக் கொண்டுவந்தது. தோள் காயத்தால் பொசெல்லி ஹூஸ்டனுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. கார் அந்தப் பருவத்தில் 76 முறை வீழ்த்தப்பட்டார், ஒரு தனி குவார்ட்டர்பேக்குக்கு இன்றுவரை அதுதான் உச்சம். 2005இல் மறுபடி 68. திறமையான இளைஞர் ஒருவரின் தொழில் வாழ்க்கை அங்கேயே முடங்கியது. அதன்பிறகு அவர் எங்கும் முழுநேர முதல் ஆளாக நிலைக்கவில்லை.

குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கின் கதை இன்னும் கசப்பானது. 2012இல் முதல் ஆளாகக் கோல்ட்ஸுக்கு வந்தார். ஐந்து பருவங்களில் 156 முறை வீழ்த்தப்பட்டார். தோள் போனது, சிறுநீரகம் கிழிந்தது, 2017 முழுவதும் ஆடவில்லை. புதிய பொது மேலாளர் கிறிஸ் பாலர்ட் 2018 டிராஃப்டில் ஆறாவது ஆளாக இடது கார்டு குவென்டன் நெல்சனையும் இரண்டாம் சுற்றில் பிரேடன் ஸ்மித்தையும் எடுத்தார். டிகுலியெல்மோவின் அந்த 18 ஸாக் வருடம் அதுதான். கடைசியில் லக்குக்கு ஒரு சுவர் கிடைத்தது. மறுவருடம் ஆகஸ்டில், 29 வயதில், காயம், வலி, சிகிச்சை என்ற சுழலிலிருந்து விடுபட வேண்டும் என்று சொல்லி அவர் ஓய்வு பெற்றார். சுவர் ஆறு வருடம் தாமதமாக வந்தது.

சின்சினாட்டி பெங்கால்ஸ் முன் இந்தக் கேள்வி 2021இல் அப்பட்டமாக வந்து நின்றது. முந்தைய நவம்பரில் அவர்களுடைய புதிய குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ முழங்கால் தசைநார் கிழிந்து மைதானத்திலிருந்து வண்டியில் வெளியேறியிருந்தார். டிராஃப்டில் ஐந்தாவது இடம். டேக்கிள் பெனே சூவலை எடுப்பதா, பந்து பிடிக்கும் ஜமார் சேஸை எடுப்பதா? சேஸை எடுத்தார்கள். முதல் பருவத்திலேயே அவர் 1,455 யார்டு சேர்த்தார், அணி சூப்பர் பௌல் வரை போனது. அந்த முடிவு சரிதான் என்று வாதிடுபவர்களிடம் பலமான கட்சி இருக்கிறது. அதே பருவத்தில் பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றுகள் உட்பட பர்ரோ 70 முறை வீழ்த்தப்பட்டார் என்பது எதிர்க்கட்சி. டென்னஸியில் ஒரே ஆட்டத்தில் 9, அதையும் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் 7. மூன்று புள்ளி பின்தங்கிய நிலையில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நேரம் இருக்க, நான்காவது முயற்சியில் ஒரே ஒரு யார்டு வேண்டும். எதிரணியான ராம்ஸின் ஆரன் டொனால்ட் இடது கார்டைக் கடந்து பர்ரோவின் இடுப்பைச் சுற்றிவிட்டார். தூரத்தில் சேஸ் தன்னைக் காத்தவரை முந்தி ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பந்தை அனுப்ப இன்னும் அரை விநாடி வேண்டியிருந்தது. சூவல் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போய், லீகின் தலைசிறந்த டேக்கிள்களில் ஒருவரானார். அங்கே லைன் கோச் ஹாங்க் ஃப்ரேலி, தலைமைப் பயிற்சியாளர் மாறியபோதும் 2021இல் தக்கவைக்கப்பட்டவர்.

தக்கவைப்பதில் ஃபிலடெல்ஃபியாவைப் போல உறுதியாக நின்ற அணி வேறில்லை. லைன் கோச் ஜெஃப் ஸ்டௌட்லாந்து 2013இல் தலைமைப் பயிற்சியாளர் சிப் கெல்லியோடு வந்தார். 2016இல் டக் பீடர்சன் பொறுப்பேற்றபோதும், 2021இல் நிக் சிரியானி வந்தபோதும் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். ஆட்டமுறை மாறியது, கால் வைக்கும் பாடம் மாறவில்லை. 2018இல் ஏழாம் சுற்றில் ஜோர்டன் மைலாட்டா என்ற ஆஸ்திரேலிய ரக்பி இளைஞரை எடுத்தார்கள், அதுவரை அமெரிக்கக் கால்பந்து ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். ஸ்டௌட்லாந்து அவருக்கு நிற்பதிலிருந்து கற்றுக்கொடுத்தார். முதல் சுற்றில் எடுத்த இன்னொரு டேக்கிளைப் பின்தள்ளி 2021இல் இடது டேக்கிள் இடம் மைலாட்டாவுக்கு வந்தது. தொலைக்காட்சி அறிமுகத்தில் ஆட்டக்காரர்கள் தங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்வது வழக்கம். மைலாட்டா சொன்னது, ஜெஃப் ஸ்டௌட்லாந்து பல்கலைக்கழகம். நியூயார்க் ஜெட்ஸில் டேக்கிளாகத் தோற்றிருந்த மெக்கை பெக்டனை 2024இல் வலது கார்டாக மாற்றியதும் அதே பள்ளிதான்.

அந்த 2024ஆம் ஆண்டில் நடந்த ஒன்று, ஆய்வுக்கூடச் சோதனையைப் போல அமைந்துவிட்டது. பந்தோடு ஓடும் ஆட்டக்காரர் சேக்வன் பார்க்லி ஜயண்ட்ஸை விட்டு ஈகிள்ஸுக்கு வந்தார். ஜயண்ட்ஸில் கடைசிப் பருவத்தில் அவர் ஓடியது 962 யார்டு, ஓட்டத்துக்குச் சராசரி 3.9. ஈகிள்ஸில் 2,005 யார்டு, சராசரி 5.8. அதே கால்கள், ஒரு வயது கூடியவை. எதிரணியின் கவனத்தைப் பகிர்ந்துகொள்ள ஈகிள்ஸில் மற்ற நட்சத்திரங்களும் இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர் ஓடிய பாதையைப் படத்தில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு, முதல் அடி விழும் இடம் எவ்வளவு முன்னே தள்ளிப்போயிருக்கிறது என்பது உடனே தெரியும்.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சாட்சி கான்சஸ் சிட்டி சீஃப்ஸ். 2021 பிப்ரவரியில் இரண்டு டேக்கிள்களும் காயத்தால் இல்லாமல் சூப்பர் பௌலில் இறங்கி, 31–9 என்று தோற்றார்கள். குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் அன்று எறிந்ததைவிட ஓடித் தப்பியதே அதிகம் என்று தோன்றும். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் முன்வரிசையில் ஐந்து பேரும் புதியவர்கள். ஆர்லாண்டோ பிரௌன் மாற்றத்தில் வந்தார், துனி பேட்ரியட்ஸிலிருந்து வந்தார், சென்டர் கிரீட் ஹம்ஃப்ரியும் ஆறாம் சுற்றில் எடுத்த கார்டு ட்ரே ஸ்மித்தும் புதுமுகங்கள். பழக்கம்தான் எல்லாம் என்றால் இவர்கள் தடுமாறியிருக்க வேண்டும். தடுமாறவில்லை. 2023 பிப்ரவரியில், பருவம் முழுவதும் 70 ஸாக் எடுத்திருந்த ஈகிள்ஸை எதிர்த்து ஒரு ஸாக் கூட விடாமல் சூப்பர் பௌல் வென்றார்கள். ஆட்கள் மாறினாலும் பாடம் மாறவில்லை என்பதுதான் இதற்கு நான் தரும் விளக்கம். தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடும் லைன் கோச் ஆண்டி ஹெக்கும் 2013 முதல் அங்கே இருப்பவர்கள். ஐந்து பேரும் ஒரே வாயிலிருந்து ஒரே பாடத்தைக் கேட்டார்கள்.

அதே அணி, அதே கோச். 2024இல் இடது டேக்கிள் இடத்துக்கு ஆள் தேறாமல் ஒருவர் பின் ஒருவராக முயன்று, கடைசியில் கார்டு துனியை அங்கே நகர்த்தினார்கள். 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் கூடுதல் ஆட்களை அனுப்பாமலே மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தி 40–22 என்று வென்றது. நிலையான ஆசிரியர் இருந்தும் ஓர் இடம் காலியாக இருந்தால் போதும், சுவர் விழும். என் முடிவுக்கு இது ஓர் எல்லை போடுகிறது, அதை ஏற்கிறேன்.

அதே துனி, மறுமாதமே சிகாகோ பேர்ஸுக்கு மாறினார். அங்கே முந்தைய பருவம் ஒரு பேரிடர். டிராஃப்டின் முதல் ஆளாக வந்த குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 68 முறை வீழ்த்தப்பட்டார். நவம்பரில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஷேன் வால்ட்ரன் நீக்கப்பட்டார். இரண்டரை வாரத்தில் தலைமைப் பயிற்சியாளர் மாட் எபர்ஃப்ளூஸும் போனார், பருவ நடுவில் தலைமைப் பயிற்சியாளரை நீக்குவது அந்தப் பழம்பெரும் அணியின் வரலாற்றில் அதுவே முதல்முறை. 2025இல் தலைமைப் பயிற்சியாளராகப் பென் ஜான்சன் வந்தார். துனி, ஜோனா ஜாக்ஸன், சென்டர் ட்ரூ டால்மன் என்று நடு மூவரையும் ஒரே இடைப்பருவத்தில் மாற்றினார்கள். ஜாக்ஸன் டெட்ராய்ட்டில் ஜான்சனின் ஆட்டமுறையில் ஏற்கெனவே ஆடியவர். வில்லியம்ஸ் வீழ்த்தப்பட்ட கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது, அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. கோச்சை மாற்றியதால் வந்த பலன் என்றும் சொல்லலாம், ஆட்களை மாற்றியதால் என்றும் சொல்லலாம். பந்தை வேகமாகக் கைவிடச் சொல்லிக்கொடுத்ததிலும் ஒரு பங்கு இருக்கலாம். முதல் வருடப் பலன் எல்லா மாற்றத்திலும் கிடைக்கக்கூடியது. மூன்றாவது வருடம் ஜான்சன் அங்கே இருப்பாரா, அவர் போனாலும் லைன் கோச் இருப்பாரா என்பதைப் பார்க்க வேண்டும்.

அணி நடத்துபவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. லைன் கோச்சின் ஒப்பந்தத்தைத் தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்திலிருந்து பிரித்து, அதைவிட நீளமாக எழுத வேண்டும். புதிதாக வரும் தலைமைப் பயிற்சியாளரிடம், மற்ற உதவியாளர்கள் உங்கள் விருப்பம், முன்வரிசை ஆசிரியர் எங்கள் விருப்பம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இதற்கு உச்சவரம்பு தடையில்லை, அது ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு மட்டும்தான். ஈகிள்ஸ் 2016இலும் 2021இலும் செய்தது இதைத்தான், லயன்ஸ் 2021இல் செய்ததும் இதைத்தான். ஜயண்ட்ஸ் 2025 நவம்பரில் டேபாலையும் நீக்கிவிட்டது. அடுத்து வரும் தலைமைப் பயிற்சியாளருக்கு முன்னால் இந்த நிபந்தனையை வைக்கும் வாய்ப்பு 2016 முதல் அந்த அணிக்கு ஐந்தாவது முறையாகக் கிடைத்தது.